‘தமிழ்ச்செல்வி’ எப்படி ‘தமழசசலவ’ ஆனாள்: ஸ்ட்ரிங்கில் வேண்டாத எழுத்துகளை நீக்குவது பற்றி

கேள்வி இது: “பைத்தானில் ஒரு பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்கிறேன். பாதி எக்செல்லில் இருந்து வந்தது, பாதி வாட்ஸ்அப்பில் இருந்து. காற்புள்ளி, அடைப்புக்குறி, எமோஜி எல்லாம் போகட்டும் என்று தேடிக் கிடைத்த ஒரு ரெகெக்ஸ் வரியைப் போட்டேன். குறிகள் போயின, கூடவே தமிழ்ச்செல்வி ‘தமழசசலவ’ ஆகிவிட்டாள். ‘திரு.’வை நீக்கப் போனால் பெயரிலும் பாதி போகிறது. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெயர்களை வேறு வேறு என்கிறது. சரியான வழி எது? கெட்டுப்போன ஃபைலை மீட்க முடியுமா?”

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன், பதில் உங்களுக்குப் பிடிக்காது. ஸ்ட்ரிங் என்றால் எழுத்துகளின் தொடர், ரெகெக்ஸ் என்றால் எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் சூத்திரம். ஒரு வசதிக்காக ஃபங்ஷன் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன், எழுத்து எண்களை ‘ஆர்ட்’ ஃபங்ஷன் காட்டும் பத்தடிமான எண்ணாகத் தருகிறேன். கோடில் ‘சிஎச்ஆர்’ போட்டு அந்த எண்ணைக் கொடுத்தால் எழுத்து வந்துவிடும்.

நீங்கள் போட்ட வரி எது என்று சொல்லவில்லை, ஆனால் விளைவைப் பார்த்தாலே தெரிகிறது. சதுர அடைப்புக்குள் மேல்நோக்கிய கூரைக் குறி, பின்சாய்வு டபிள்யூ, பின்சாய்வு எஸ். அதாவது ‘சொல்லில் வரும் எழுத்தும் இல்லை, இடைவெளியும் இல்லை என்றால் தூக்கிவிடு’. ஆங்கிலத்துக்கு இது கச்சிதமாக வேலை செய்யும். தமிழில் சிக்கல் ‘சொல்லில் வரும் எழுத்து’ என்ற இடத்தில் இருக்கிறது.

‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. பைத்தானிடம் ‘லென்’ (நீளம்) கேட்டால் 5 என்று சொல்லும். த (2980), ம (2990), இகரக் கொக்கி (3007), ழ (2996), புள்ளி (3021). எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோட் ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகையும் கொடுத்திருக்கிறது. த, ம, ழ மூன்றும் எல் வகை, அதாவது எழுத்து. கொக்கியும் புள்ளியும் எம் வகை, அதாவது இன்னொரு எழுத்தின் மேல் ஏறிக்கொள்ளும் குறி. பைத்தானோடு வரும் ‘ஆர்இ’ மாட்யூலில் டபிள்யூ என்றால் ‘இஸ்ஆல்நம்’ உண்மை என்று சொல்லும் எழுத்துகளும் அடிக்கோடும் மட்டுமே. எம் வகைக்கு அங்கே இடமில்லை. ஆகவே கால், கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாமே உங்கள் வரிக்குக் காற்புள்ளி மாதிரிதான் தெரிந்திருக்கும். அடிக்கோடு மட்டும் போகாமல் நின்றிருக்குமே, கவனித்தீர்களா? அதற்கும் இதே காரணம்.

இது யூனிகோடின் தவறு இல்லை. ரெகெக்ஸ் எப்படி எழுத வேண்டும் என்று யூனிகோட் அமைப்பு வெளியிட்ட பரிந்துரையில், டபிள்யூவில் எம் வகையும் சேர வேண்டும் என்றுதான் இருக்கிறது. பெர்ல் மொழி அப்படித்தான் செய்கிறது. பைத்தானில் தனியாக நிறுவும் ‘ரெகெக்ஸ்’ என்ற மாட்யூலும் அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்ட் நேர் எதிர்: அங்கே டபிள்யூ என்றால் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, அவ்வளவுதான். அதே வரியை அங்கே ஓட்டினால் தமிழ் முழுவதும் துடைத்துக்கொண்டு போய்விடும். ஒரு வகையில் அது நல்லது, உடனே கண்ணில் பட்டுவிடும். பைத்தானில்தான் மெய்யெல்லாம் அப்படியே நின்று, வேகமாகப் பார்த்தால் தமிழ் மாதிரியே இருந்து ஏமாற்றும்.

சரி, டபிள்யூ வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று ‘அ-ஹ’ என வீச்சுக் கொடுப்பவர்கள் உண்டு. அதுவும் அதே குழிதான். அ 2949, ஹ 3001. கால், கொக்கி, புள்ளி எல்லாம் 3006-இல்தான் தொடங்குகின்றன. ஆய்த எழுத்தோ 2947, அகரத்துக்கும் முன்னால். ‘எஃகு’ இந்த வீச்சில் ‘எக’ ஆகும். உங்கள் பழைய வரியிலாவது ‘எஃக’ என்று ஆய்தம் பிழைத்திருக்கும்.

ஆர்இ மாட்யூலை விடாமல் வேலை முடிய வேண்டுமானால், விட்டுவைக்க வேண்டியவற்றின் பட்டியலில் டபிள்யூ, எஸ் இரண்டோடு தமிழுக்கு ஒதுக்கிய இடம் முழுவதையும், அதாவது 2944 முதல் 3071 வரை, சேர்த்துவிடுங்கள். ஒரே மாற்றம்தான், தமிழ்ச்செல்வி முழுதாகத் திரும்பி வருவாள். பட்டியலில் தமிழும் ஆங்கிலமும் மட்டும்தான் என்றால் இது போதும்.

நான் என் வேலையில் இதைப் பயன்படுத்துவதில்லை. பெயர்ப் பட்டியல் என்றால் என்றைக்காவது ஒரு மலையாளப் பெயரோ இந்திப் பெயரோ வந்து சேரும், அன்றைக்கு இதே கதை அந்த மொழியில் நடக்கும். ‘யூனிகோட்டேட்டா’ மாட்யூலில் ‘கேட்டகரி’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஒரு எழுத்தைக் கொடுத்தால் அதன் வகையை இரண்டு எழுத்தில் சொல்லும். முதல் எழுத்தை மட்டும் பாருங்கள். எல், எம், என் மூன்றில் ஒன்று என்றால் வைத்துக்கொள்ளுங்கள். பி (நிறுத்தக்குறி), எஸ் (சின்னம், எமோஜி), ஸெட் (இடைவெளி) என்றால் அந்த இடத்தில் ஒரு சாதா இடைவெளி போடுங்கள். சி என்றால் கட்டுப்பாட்டுக் குறியும் கண்ணுக்குத் தெரியாத குறியும். அதில் வரிமுடிவுக்கும் டேபுக்கும் இடைவெளி, மற்றதற்கு ஒன்றும் வேண்டாம்.

ஏன் இடைவெளி போடச் சொல்கிறேன் என்றால், ‘சென்னை,மதுரை’ என்று ஒட்டி எழுதியிருப்பார்கள். காற்புள்ளியை வெறுமனே எடுத்தால் ‘சென்னைமதுரை’ என்ற புது ஊர் பிறக்கும். இடைவெளி போட்டுவிட்டுக் கடைசியில் ‘ஸ்பிளிட்’ செய்து, நடுவில் ஒற்றை இடைவெளி வைத்து ‘ஜாயின்’ செய்தால், இரட்டை இடைவெளி, முன்பின் இடைவெளி எல்லாம் ஒரே அடியில் போகும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது, நானே சிக்கியது. எமோஜி நிறையவற்றின் பின்னால் 65039 என்று ஒரு குறி ஒட்டிக்கொண்டு வரும், ‘இதை வண்ணப்படமாகக் காட்டு’ என்று சொல்வதற்காக. அது எம் வகை! சிவப்பு இதயத்தை எஸ் வகை என்று எடுத்துவிடுவீர்கள், அதன் வால் கண்ணுக்குத் தெரியாமல் பெயரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஆகவே 65024 முதல் 65039 வரை தனியாக ஒரு வரி போட்டு நீக்கிவிடுங்கள்.

இனி ‘திரு.’ கதை. நீங்கள் ‘எல்ஸ்ட்ரிப்’ போட்டிருக்கிறீர்கள். அடைப்புக்குள் நாம் கொடுப்பதை ஒரு சொல்லாக அது பார்க்காது, எழுத்துகள் அடங்கிய ஒரு பையாகப் பார்க்கும். ‘திரு. ’ என்று கொடுத்தால் பையில் த, கொக்கி, ர, உகரக் குறி, முற்றுப்புள்ளி, இடைவெளி ஆறும் இருக்கும். இடப்பக்கத்தில் இருந்து, பையில் உள்ள எழுத்தாக வரும்வரை தின்றுகொண்டே போகும். ‘திரு. திருமலை’ என்று இருந்தால் என்ன மிஞ்சும்? ‘மலை’. ‘திரு. தியாகு’ வெறும் ‘யாகு’ ஆவார். ‘திரு. ராமன்’தான் பரிதாபம்: ர போய்க் கால் மட்டும் அந்தரத்தில் நிற்கும், திரையில் புள்ளிபோட்ட ஒரு வட்டத்தோடு ‘ாமன்’ என்று வரும். ஆனால் ‘திரு. மணி’ சரியாக ‘மணி’ என்றே வந்திருப்பார். சோதனைக்கு நாம் எடுத்துப் பார்ப்பதும் பெரும்பாலும் மணியைத்தான்.

2020-இல் வந்த பைத்தான் 3.9-இல் ‘ரிமூவ்பிரீஃபிக்ஸ்’, ‘ரிமூவ்சஃபிக்ஸ்’ என்று இரண்டு ஃபங்ஷன் சேர்த்தார்கள். இந்தக் குழப்பத்தில் அத்தனை பேர் விழுந்ததுதான் காரணம். ‘திரு. ’ என்று கொடுத்தால் அந்தச் சொல் அப்படியே முன்னால் இருந்தால் மட்டும் ஒருமுறை எடுக்கும், இல்லாவிட்டால் தொடாது. கோ மொழியில் எழுதுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை: ‘டிரிம்’ என்றால் பை, ‘டிரிம்பிரீஃபிக்ஸ்’ என்றால் சொல். ஒரு விஷயம், இதை நிறுத்தக்குறிகளை நீக்குவதற்கு முன்னால் செய்யுங்கள். புள்ளி போனபின் ‘திரு’ என்பது பட்டமா, திருநாவுக்கரசின் தலையா என்று யாருக்கும் தெரியாது.

ரொம்பச் சின்ன விஷயம், ஆனால் புதிதாக வருபவர்கள் அரைநாள் செலவழிப்பார்கள்: பைத்தான் ஸ்ட்ரிங்கை உள்ளேயே மாற்ற முடியாது. ‘ரீப்ளேஸ்’ புது ஸ்ட்ரிங்கைத் திருப்பிக் கொடுக்கும், அதை ஒரு பெயரில் பிடித்து வைக்காவிட்டால் காற்றில் போகும். ஜாவாஸ்கிரிப்டிலும் அப்படித்தான். அங்கே கூடுதலாக ஒன்று, ‘ரீப்ளேஸ்’க்குச் சாதாரண ஸ்ட்ரிங் கொடுத்தால் முதலில் வருவதை மட்டும்தான் மாற்றும். எல்லாவற்றையும் மாற்ற ‘ரீப்ளேஸ்ஆல்’ 2021-இல்தான் மொழிக்குள் வந்தது.

பத்துப் பதினைந்து குறிகளை மட்டும் நீக்க வேண்டும், எவை என்று உறுதியாகத் தெரியும் என்றால் ரெகெக்ஸே வேண்டாம். ‘மேக்டிரான்ஸ்’ மூன்றாவது இடத்தில் அந்தக் குறிகளைக் கொடுத்து ஒரு அட்டவணை செய்து, ‘டிரான்ஸ்லேட்’ போட்டால் ஒரே ஓட்டத்தில் போய்விடும். ரீப்ளேஸைப் பதினைந்து முறை சங்கிலியாகக் கோர்ப்பதைவிட இது வேகம், படிக்கவும் சுலபம். ‘ஸ்ட்ரிங்.பங்சுவேஷன்’ என்ற ஆயத்தப் பட்டியலை அதில் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அதில் இருப்பவை பழைய விசைப்பலகைக் குறிகள் 32 மட்டும். வேர்டும் கைபேசியும் தானாகப் போடும் வளைந்த மேற்கோள் குறிகள் (8216, 8217, 8220, 8221), நீளக் கோடுகள் (8211, 8212) அதில் கிடையாது. ‘எல்லாம் நீக்கினேன், மேற்கோள் மட்டும் போகவில்லை’ என்று வரும் கேள்விகளில் பெரும்பகுதி இதுதான்.

‘கண்ணுக்கு ஒன்றாக இருக்கிறது, ஆனால் சமமில்லை என்கிறது’ என்ற உங்கள் மூன்றாவது புகார்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதற்குக் காரணம் ஒன்று இல்லை.

முதலில் கண்ணுக்குத் தெரியாதவை. இணையப் பக்கத்தில் இருந்து நகல் எடுத்தால் 160 வரும், பிரியாத இடைவெளி. பைத்தானின் ‘ஸ்ட்ரிப்’ அதை இடைவெளி என்று ஒப்புக்கொண்டு நீக்கிவிடும். எக்செல்லின் ‘டிரிம்’ நீக்காது, அதற்கு 32 மட்டும்தான் இடைவெளி. எக்செல்லின் ‘கிளீன்’ 0 முதல் 31 வரை உள்ளவற்றை நீக்கும், 160-ஐ அதுவும் தொடாது. அங்கே ‘சப்ஸ்டிட்யூட்’ போட்டு ‘யூனிகார்’ 160-ஐச் சாதா இடைவெளியாக்கிவிட்டுத்தான் டிரிம் போட வேண்டும். ஜாவா 11-இல் வந்த புது ‘ஸ்ட்ரிப்’பும் 160-ஐ விட்டுவிடும், புதிது என்று நம்ப வேண்டாம். அகலமே இல்லாத இடைவெளி (8203) இன்னும் மோசம். பெயரில்தான் இடைவெளி, யூனிகோட் கணக்கில் அது சி வகை. பைத்தான் ஸ்ட்ரிப், ஜாவாஸ்கிரிப்ட் டிரிம் இரண்டுமே அதைக் கண்டுகொள்ளாது. முதல் வரியின் முதல் பெயர் மட்டும் பொருந்தவில்லை என்றால் அது 65279. எக்செல் யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) என்று சிஎஸ்வி ஃபைலைச் சேமிக்கும்போது தலையில் வைக்கும் அடையாளம் அது. ஃபைலைத் திறக்கும்போதே என்கோடிங்கை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் பைத்தானே அதை எடுத்துவிடும்.

இந்த சி வகைக் குறிகளை எங்கே வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு நீக்கலாம் என்று நினைக்க வேண்டாம். எழுத்துகளைச் சேரவிடாமல் தடுக்கும் 8204-ஐத் தமிழில் நீக்கினால் பெரிய நட்டமில்லை, க்ஷ என்று சேராமல் க், ஷ பிரிந்து நிற்க வேண்டிய அபூர்வமான இடங்களில்தான் அது வேலை செய்யும். சிங்களத்தில் ‘ஸ்ரீ’ எழுதவே எழுத்துகளைச் சேர்த்துவைக்கும் 8205 வேண்டும், நீக்கினால் கூட்டெழுத்து உடைந்துவிடும். இலங்கையில் இரண்டு மொழிப் பெயர்களும் கலந்து வரும் பட்டியலில் வேலை செய்பவர்கள் இந்த ஒரு எண்ணை விதிவிலக்காக வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, ஒரே எழுத்துக்கு இரண்டு எழுதும் முறை. ‘கொ’வை க-வோடு 3018 என்ற ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், க-வோடு ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. யூனிகோட்டேட்டாவில் ‘நார்மலைஸ்’ போட்டு ‘என்எஃப்சி’ (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் வடிவம்) என்று கேட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். பட்டியலைத் தொடும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். ஆசைப்பட்டு ‘என்எஃப்கேசி’ போட வேண்டாம். அது மேலெழுத்து எண்ணைச் சாதா எண்ணாக்கும். வடமொழி ஒலிக்காக க-வின் தலையில் சின்னதாக 2, 3 போட்டு அச்சிடும் தோத்திர நூல்கள் இருக்கின்றனவே, அவற்றில் நடுவரியில் ‘க2’, ‘க3’ என்று வந்து நிற்கும்.

நார்மலைஸ் எல்லாவற்றையும் சரிசெய்யாது என்பதற்கு ‘ஸ்ரீ’யே சாட்சி. ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடுக்கு வந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் படம் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு சொல், எந்த நார்மலைஸும் சேர்த்துவைக்காது. ஸ்ரீதர் இரண்டு தரம் பட்டியலில் இருந்தால் இங்கே பாருங்கள். ஔ-வுக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்து அடிப்பதும் இதே இனம்.

மூன்றாவது, எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. ‘அவர்’ என்று தேடுவேன், ஃபைலில் ‘அவர்’ கண் முன்னால் இருக்கும், கிடைக்காது. ஒரு நாள் எழுத்து எழுத்தாக ஆர்ட் போட்டுப் பார்த்தேன். ர இருக்க வேண்டிய இடத்தில் 2992 இல்லை, 3006 இருந்தது. துணைக்கால்! ‘அவா்’ என்று காலுக்கு மேல் புள்ளி வைத்திருந்தார்கள். ர்-க்குக் கால் இழுக்காத எழுத்துருவில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. பழைய எழுத்துருவில் இருந்து மாற்றிய உரைகளில் இது ஏராளம். காலின் மேல் புள்ளியோ கொக்கியோ தமிழில் வரவே வராது என்பதால், கால்-புள்ளியை ர்-ஆகவும், கால்-இகரக் கொக்கியை ரி-யாகவும், கால்-ஈகாரச் சுழியை ரீ-யாகவும் மாற்றினால் ஆபத்தில்லை.

ஆனால் அதோடு முடியாது. ‘சேர்ந்த’ என்பதில் ஏகாரக் கொம்புக்குப் பிறகு இந்தப் பொய்க்கால் வந்தால் என்ன ஆகும்? கொம்பும் காலும் ஒட்டி ஓகாரக் குறியாகிவிடும். ‘சோ்ந்த’. ‘தெரியும்’ இதே வழியில் ‘தொியும்’ ஆகும். நாம் மேலே போட்ட என்எஃப்சியே இந்தக் கல்யாணத்தைச் செய்துவைக்கும். ஆகவே ஓகாரக் குறி-புள்ளி வந்தால் ஏகாரக் குறி-ர்-ஆகவும், ஒகரக் குறி-கொக்கி வந்தால் எகரக் குறி-ரி-யாகவும் பிரிக்க இன்னும் சில வரிகள் வேண்டும். இது ‘நீக்குவது’ என்ற தலைப்பில் அடங்காது என்று தெரியும். ஆனால் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை வருவதற்கு நான் பார்த்தவரை இதுதான் முதல் காரணம்.

எண்களுக்கு வேறு கவனம். போன் எண்ணில் எண் அல்லாததை எல்லாம் நீக்கலாம், சரிதான். தொகையில் அப்படிச் செய்தால் ‘12.50’ என்பது 1250 ஆகும். புள்ளியை மட்டும் விட்டுவைக்கிறேன் என்றால் ‘ரூ. 12.50’ என்பது ‘.12.50’ ஆகி, ‘ஃப்ளோட்’ அதை எண்ணே இல்லை என்று தள்ளிவிடும். ரூ-வுக்குப் பின்னால் வரும் புள்ளியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தொகையை ‘நீக்கி’ எடுக்காமல் தேடி எடுங்கள்: எண், காற்புள்ளி தொடர்ச்சி, விருப்பமானால் ஒரு புள்ளி, அதன்பின் எண். கிடைத்ததில் காற்புள்ளியை மட்டும் நீக்குங்கள். இன்னொன்று, பைத்தான் ரெகெக்ஸில் பின்சாய்வு டி என்றால் ௧, ௨ போன்ற தமிழ் எண்களும் சேர்த்திதான். ‘இன்ட்’டிடம் ‘௧௨’ என்று கொடுத்தால் 12 என்று ஒழுங்காகத் தரும், எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம். ௰, ௱ அந்தக் கணக்கில் வராது.

கட்டளை வரிசையில் எழுத்துகளை நீக்கும் ‘டிஆர் -டி’ கட்டளை போட்டுச் சுத்தம் செய்யும் பழக்கம் இருந்தால் தமிழுக்கு அதை விட்டுவிடுங்கள். லினக்ஸில் இருக்கும் ஜிஎன்யூ டிஆர் எழுத்தைப் பார்க்காது, பைட்டைப் பார்க்கும். யூடிஎஃப்-8-இல் புள்ளி என்பது 224, 175, 141 என்று மூன்று பைட். புள்ளியை நீக்கு என்றால் அந்த மூன்று பைட்டும் ஃபைலில் எங்கே இருந்தாலும் நீக்கும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 224-இல்தான் தொடங்குகிறது. மீதியை நான் சொல்ல வேண்டாம். ‘செட்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள், இல்லை பெர்ல்.

நான் முதலில் சுட்டுக்கொண்டது வேறு விதம். பிரெஞ்சு, ஜெர்மன் பெயர்களில் தலையில் இருக்கும் குறிகளை எடுக்க ஒரு பிரபலமான வழி உண்டு: என்எஃப்சிக்கு நேர் எதிரான என்எஃப்டி போட்டுப் பிரித்து, எம் வகையில் எம்என் என்ற உள்வகையை மட்டும் நீக்குவது. பல மொழி நூல்கள் கலந்த ஒரு நூலகப் பட்டியலில் அதை ஓட்டினேன். தமிழில் அந்த உள்வகையில் இருப்பவை முக்கியமாக இரண்டு, புள்ளியும் ஈகாரச் சுழியும். மற்ற கால், கொம்பு எல்லாம் எம்சி என்ற வேறு உள்வகை, தப்பித்துவிடும். அதனால் ‘நீர்’ ‘நர’ ஆயிற்று, ஆனால் ‘மலை’ மலையாகவே இருந்தது. மேலோட்டமாகப் பார்த்து அனுப்பியும் விட்டேன். அந்தப் பட்டியலில் ‘கல்வி’ என்று தொடங்கும் நூல்கள் நிறைய. புள்ளி மட்டும் போனால் அந்தச் சொல் என்ன ஆகும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள், போனில் வந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

புள்ளியை நிறுத்தக்குறி என்று நினைத்துத் தொலைப்பது யூனிகோடுக்கு முன்பும் நடந்ததுதான். பாமினி எழுத்துருவில் அரைப்புள்ளி விசைதான் மெய்யின் புள்ளி. அந்தக் காலத்து உரையை மாற்றாமல் அப்படியே வைத்து நிறுத்தக்குறிகளை நீக்கினால் மெய் எல்லாம் உயிர்மெய் ஆகும். பழைய ஃபைல் கைக்கு வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகுதான் துடைப்பம்.

இந்தப் பட்டியலை வைத்து அடுத்து ஏதாவது சொல்லெண்ணிக்கை எடுக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு வார்த்தை. பைத்தானின் சைகிட்-லேர்ன் நூலகத்தில் ‘கவுன்ட்வெக்டரைசர்’ சொல்லைப் பிரிக்க உள்ளே வைத்திருப்பதும் அதே டபிள்யூதான், இரண்டு எழுத்தாவது சேர்ந்து வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. ‘தமிழ்’ என்று கொடுத்தால் கொக்கியில் உடைந்து ‘தம’ என்று எண்ணும், ழ் காணாமல் போகும். நீங்கள் எவ்வளவு சுத்தமாகக் கொடுத்தாலும் அது உள்ளே மறுபடி கெடுக்கும். ‘டோக்கன்_பேட்டர்ன்’ என்ற இடத்தில் ‘இடைவெளி அல்லாத எழுத்துகளின் தொடர்’ என்று மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

எதை நீக்குவது என்று முடிவெடுக்கும் முன் நான் செய்யும் ஒரு வேலை உண்டு. ஃபைல் முழுவதையும் ‘கலெக்ஷன்ஸ்’ மாட்யூலின் ‘கவுன்டர்’ என்ற எண்ணும் கருவிக்குக் கொடுத்து, எந்தக் குறி எத்தனை தடவை வருகிறது, அதன் எண், வகை, யூனிகோட் பெயர் என்று அச்சிட்டுப் பார்ப்பேன். நூறு நூற்றைம்பது வரிகளுக்கு மேல் வராது. அதில் 8203 உட்கார்ந்திருக்கும், எவனோ அடித்த, ஆங்கில ‘ஏ’ போலவே தெரியும் சிரிலிக் (ரஷ்ய எழுத்து) ‘ஏ’ உட்கார்ந்திருக்கும். நீக்கியபின் அதே கணக்கை மறுபடி எடுத்துப் பக்கத்தில் வைப்பேன். புள்ளியின் எண்ணிக்கை முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும், கால், கொம்பு, கொக்கியும் அப்படியே. என்எஃப்சியும் ர் திருத்தமும் ‘திரு.’ போன்ற பட்டங்களை எடுப்பதும் எண்ணிக்கையை மாற்றும் என்பதால், அவை முடிந்தபின் முதல் கணக்கை எடுங்கள். ஒன்று குறைந்தாலும் எங்கோ தமிழைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் ஃபைலுக்கு வரிசை இப்படி இருக்கட்டும். சிக் என்கோடிங்கில் திறந்து, என்எஃப்சி போட்டு, ர் திருத்தம் செய்து, ரிமூவ்பிரீஃபிக்ஸில் திரு, திருமதி, செல்வி எடுத்து, 65024 தொடரை நீக்கி, வகை பார்த்து வடிகட்டி, ஸ்பிளிட்-ஜாயின். பிரீஃபிக்ஸ் எடுக்கும் முன் ஒரு ஸ்ட்ரிப் தேவைப்படும், இல்லாவிட்டால் முன்னால் ஓர் இடைவெளி இருந்தாலே அது பொருந்தாமல் விட்டுவிடும். தலைப்பெழுத்துப் புள்ளிகளை என்ன செய்வது என்பதை மட்டும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ‘க.மு.செல்வி’ மேலே சொன்ன முறையில் ‘க மு செல்வி’ ஆகும். எனக்கு அது சரி. சான்றிதழில் அச்சிடப் போகும் பெயர் என்றால் புள்ளியை விட்டுவையுங்கள்.

இப்போது அந்தக் கடைசிக் கேள்வி. முடியாது. ‘தமழசசலவ’ என்பதைப் பார்த்து தமிழ்ச்செல்வி என்று நாம் ஊகிக்கலாம், நீளமான பெயர்களுக்கு அகராதி வைத்து ஓரளவு பொருத்தலாம். ஆனால் ‘கல’ என்று ஒரு வரி இருந்தால்? கல், கால், காலை, கிலி, கூலி, கொலு, கோலி, கலை எல்லாமே குறிகளை இழந்தால் ‘கல’தான். ‘மல’ என்றால் மலையா, மாலாவா, மேலா, மாலையா? ஒரு பட்டியலில் மாலாவும் மாலியும் இருந்தால் முடிந்தது. வாட்ஸ்அப்பில் வந்த மூலம் அந்த உரையாடலிலேயே இன்னும் இருக்கும், மேலே தள்ளிப் பாருங்கள். எக்செல் மின்னஞ்சலில் வந்திருந்தால் இணைப்பு அங்கேயே இருக்கும். இரண்டும் இல்லை என்றால் கொஞ்சம் கூச்சத்தோடு, அனுப்பியவரிடமே மறுபடி கேட்டு வாங்குங்கள். இந்த முறை வந்ததும் முதலில் ஒரு நகல் எடுத்து வேறு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.